முள் சொன்ன பொய்

"கிளட்ச் போயிருச்சுங்க. அப்பறம் என்னையக் குத்தம் சொல்லக்கூடாது பாருங்க, அதான் முன்னாடியே சொல்லிப்போடறேன்."

காரின் கதவைக்கூட இன்னும் திறக்கவில்லை. அதற்குள் இப்படி ஒரு வரவேற்பு. நவநீதன் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தான். குரங்குக் குல்லாய், பழுப்பு ஸ்வெட்டர், விரலில் தொங்கும் கார் சாவி. அம்புரோஸ் என்று சொல்லிச் சற்றுமுன்தான் கைகொடுத்திருந்தார்.

ஜெகதளாவில் அந்த வரிசை வீடுகளுக்கு ரோடு கிடையாது. வீடுகள் படிக்கட்டில் இறங்கிப் போகும் பள்ளத்தில் இருக்கும். கார்களெல்லாம் மேலே, டீக்கடை ஓரத்தில், சக்கரத்துக்குக் கல் வைத்து நிற்கும். 'வெள்ளைக் கார் ஒண்ணு வெலைக்கு நிக்குது, போய்ப் பாரு' என்று ஃபேக்டரி நண்பன் சொல்லி அனுப்பியிருந்தான். பழசுதான், சின்னதுதான். ஆனால் நவநீதனின் கையிருப்புக்குள் வருகிற வண்டி இது ஒன்றுதான்.

அவனுக்கு வண்டி வேண்டும், அதுவும் சீக்கிரம். சசிகலாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். மூத்தவள் பிறந்தபோது அவசரத்துக்கு ஒரு ஜீப்பும் கிடைக்காமல், கொட்டும் மழையில், தேயிலை ஏற்றும் பிக்கப்பில் மூட்டைமேல் சாய்த்துத்தான் அவளைக் குன்னூருக்குக் கொண்டுபோனான். அந்தப் பயம் இன்னும் அவனை விட்டுப் போகவில்லை.

"கிளட்ச் மாத்திக்கலாமுங்க. எஞ்சின் எப்படிங்க?"

"ஆயில் குடிக்குமுங்க."

நவநீதன் பானெட்டைத் திறந்து, ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தான். ஆயில் நிறைவாக இருந்தது. எஞ்சினில் கை வைத்தால் இளஞ்சூடு.

"ஆயில் சரியாத்தான இருக்குதுங்க?"

"இன்னிக்கு இருக்குமுங்க. நாளைக்குப் பாருங்க."

விற்கிறவர் பேசுகிற பேச்சா இது? மார்க்கெட்டில் வாடி வதங்கின கேரட்டையே இப்போதுதான் பிடுங்கினது என்று சத்தியம் செய்பவர்களைத்தான் நவநீதனுக்குத் தெரியும். அவன் குனிந்து உள்ளே கால்மிதியைத் தூக்கிப் பார்த்தான். ஈரமோ துருவோ இல்லை.

"மழை வந்தா ஒழுகும்," என்றார் அம்புரோஸ், தலைக்கு மேலே நின்றுகொண்டு.

சாவியை வாங்கித் திருகினான். ஒரே திருகலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"வெயில் வந்துருச்சல்லங்க, அதான். பனிக்காலத்துல வந்து பாருங்க, நாலு பேரு தள்ளோணும்."

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

"பெட்ரோல் இல்லீங்களே."

முள் பாதிக்கு மேலே நின்றது. நவநீதன் அதை விரலால் காட்டினான்.

"அந்த முள்ளு பொய் சொல்லுமுங்க," என்றார் அம்புரோஸ், கொஞ்சமும் அசராமல்.

கடைசியில் அவரும் ஏறி உட்கார்ந்தார், கஷாயம் குடித்த முகத்தோடு. ஏற்றத்தின் நடுவில் நவநீதன் வேண்டுமென்றே நிறுத்தி எடுத்தான். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் நகராமல் ஏறியது. கிளட்ச் போனதென்றாரே, அது எந்தக் கிளட்ச்?

"ஏனுங்க, எதுக்கு விக்கறீங்க?"

"இதைய வெச்சுட்டு யாருங்க சீரழிவாங்க?"

திரும்பி வந்து நிறுத்தியதும் நவநீதன் சாவியோடு கொஞ்சம் தள்ளிப் போய் வீட்டுக்குப் போன் போட்டான்.

"சசி, விக்கறவரே வேண்டாம் வேண்டாங்கறாரு. அது நொட்டை, இது நொள்ளைங்கறாரு. நான் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்குது. தலையே சுத்துது எனக்கு."

"குறைய மறைக்காமச் சொல்ற மனுசரு இந்தக் காலத்துல எங்கீங்க இருக்காங்க?" என்றாள் சசிகலா. "அவரு கையில இருந்த வண்டி மோசமாப் போகாது. கண்ண மூடிட்டு எடுங்க."

நவநீதனுக்கு மனசு லேசாகிவிட்டது. நேரே வந்து அம்புரோஸின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"முடிவு பண்ணிட்டேனுங்க. உங்கள மாதிரி நேர்மையானவரு வண்டிதான் எனக்கு வேணும்."

அம்புரோஸுக்கு வியர்த்துவிட்டது. குல்லாயைக் கழற்றிக் கையில் கசக்கினார்.

"இவ்வளவு சொல்லியுமாங்க? அய்யோ, பிரேக்கச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க! எறக்கத்துல நிக்கவே நிக்காது. குடும்பத்தோட போறவரு நீங்க, யோசிங்க!"

"நீங்க சொல்லச் சொல்லத்தானுங்க எனக்கு நம்பிக்கை கூடுது."

இப்படியும் ஒரு மனிதரா என்று நவநீதனுக்குக் கண்ணே கலங்கியது. மனிதர் ஏன் இப்படித் தவிக்கிறார் என்பதுதான் பிடிபடவில்லை.

அப்போது பள்ளத்துப் படிக்கட்டில், தலையில் துணி கட்டிய ஓர் அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தார். விரலெல்லாம் தேயிலைக் கறை.

"இலை எடை போட நேரமாயிருச்சுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னோட வண்டியப் பாக்க ரெண்டு பேரு வந்திருக்கறதா டீக்கடையில சொன்னாங்க. காலையிலயே கடையில சாவி வாங்கி ஓட்டிப் பாத்துட்டு, 'வண்டி தங்கமாட்டம் இருக்குது, நானே எடுத்துக்கறேன், வேற யாருக்கும் குடுத்துறாதீங்க'ன்னு போன் பண்ணினது உங்கள்ல யாருங்க?"

அம்புரோஸ் சட்டென்று குனிந்து சக்கரத்துக் கல்லைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

நவநீதன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "அவருதானுங்கக்கா. ஆனா அவருக்கு இந்த வண்டி வேண்டாமாமுங்க, ஒண்ணு விடாமக் காரணமும் சொல்லிட்டாரு!"