மலைக்குள் ஒரு நிறுத்தம்

பின்னறை முழுவதையும் அடைத்த மேஜைமேல் ஞானராஜ் கட்டியிருந்த பொம்மை ரயில் பாதையின் மூலையில் ஒரு மலை இருந்தது. குகைக்குள் வண்டி தடம் புரண்டால் கை எட்டாது. அதற்காக மலைக்கு நேர் கீழே பலகையில் ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு வெட்டி, மூடி போட்டு, மேஜையைச் சுற்றிக் கறுப்புத் திரையும் தொங்கவிட்டிருந்தார். குகையைக் கடக்க வண்டிக்கு எப்போதும் கொஞ்சம் நேரமாகும். கேட்டால், உள்ளே ஏற்றம் என்பார்.

மூட்டு அறுவைக்குப் பிறகு அவரால் குனிய முடியவில்லை. இன்று உள்ளே போன வண்டி வெளியே வரவில்லை. “விடு, கால் சரியானதும் நானே எடுத்துக்கறேன்” என்றார். அவர் மனைவி கிருபா கேட்கவில்லை. தவழ்ந்து போய், மூடியைத் தள்ளி, மலைக்குள் எழுந்து நின்றாள்.

டார்ச் வெளிச்சத்தில் கம்பி வலையும் ஒட்டிய செய்தித்தாளும் தெரிந்தன. தண்டவாளம் மட்டமாகத்தான் போனது. அதன் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாட்பாரம், ஒரு பெஞ்சு. பெஞ்சில் பச்சைச் சேலை கட்டிய பெண் பொம்மை, காலடியில் பெட்டி. வெளியே இருந்த பொம்மைகள் எதற்கும் முகம் வரைந்திருக்கவில்லை. இவளுக்கு மூக்குத்திகூட இருந்தது. கிருபா மூக்குக் குத்திக்கொண்டதே இல்லை.

“என்ன கிருபா, கெடைச்சுதா?”

“ம். வண்டில ஒரு பெட்டி சாஞ்சிருந்துச்சு. தூக்கி வச்சிட்டேன்.”

“அப்ப வெளிய வா.”

“நீங்க வண்டிய ஓட விடுங்க. எங்க நிக்குதுன்னு இங்கருந்தே பாக்கறேன்.”

டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். வெளியே சுவிட்ச் தட்டும் சத்தம் கேட்கவில்லை.