விழாத தோம்

மாடிப்படிக்குக் கீழே, மின்சார மீட்டர்களுக்கு முன்னால் கூட்டம். மீட்டர் பெட்டியை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் வங்காளியான பிமல் தா; வலது கன்னம் மழித்தது, இடது கன்னம் முழுக்க சோப்பு நுரை. வாசல் பக்க ஸ்டூலில் டிபன் கடை உத்தமன், கையில் தோசைத் திருப்பி. நான்காவது படியில் சங்கவி, மடியில் லேப்டாப். பெஞ்சில் சௌந்தரராஜனும் அவர் மனைவி வசுமதியும். எதிரே, குறிப்பு எடுக்கும் நான்.

நுரை செவ்வாய்க்கிழமை போட்டது. அன்று வெள்ளி.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சௌந்தரராஜன் தினமும் காலை ஏழு மணிக்கு மூன்றாவது மாடி வீட்டில் மிருதங்கம் வாசிப்பார். முடிக்கும்போது, இடது கையால் போடும் கடைசித் ‘தோம்’ மட்டும் உடனே விழாது. சற்றே நிறுத்திவைப்பார்.

அந்த நேரம் நாலு மாடியும் மூச்சை நிறுத்தும். பால் பாத்திரம் சாய்ந்தபடி நிற்கும். சண்டை போடும் புருஷன் பெண்டாட்டி வாயைத் திறந்தபடி நிற்பார்கள். தோம் விழுந்ததும் எல்லாம் ஒன்றாக நகரும்.

வருடத்துக்கு வருடம் அந்த இடைவெளி நீண்டது. ஞானம் முதிர்கிறது என்று பேசிக்கொண்டோம்.

போன பூஜைப் பண்டிகைக்கு டாக் மேளம் அடிக்க வந்தவர்கள் எங்கள் கட்டடத்தில் இரண்டு நாள் தங்கினார்கள். மூன்றாம் நாள் அவர்களும் கடைசி அடியைத் தாமதிக்க, எங்கள் பேட்டையான லேக் கார்டன்ஸ் முழுவதும் ஆரத்தித் தட்டுகள் அந்தரத்தில் நின்றன. பந்தலுக்குப் பந்தல் அதுதான் பேச்சு.

இந்தச் செவ்வாய்க்கிழமை, தோம் விழுவதற்குச் சற்று முன், அவர் வீட்டுக் கதவுக்கு அடியில் ஒரு கடிதம் வந்தது. ‘வாசிப்பதை உடனடியாக நிறுத்தவும். இப்படிக்கு, குடியிருப்போர்.’

அவர் நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து கட்டடத்தில் எதுவும் முடியவில்லை. பிமல் தாவின் சவரக்கத்தி இடது கன்னத்துக்கு வர மறுத்தது. உத்தமனின் தோசை எல்லாம் ஒரு பக்கமே வெந்தது. படியிறங்கிக்கொண்டிருந்த சங்கவிக்கு மூன்றாவது படிக்குக் கால் இறங்கவில்லை. கூட்டத்தைப் படிக்குக் கீழே வைத்ததே அவளுக்காகத்தான்.

எனக்கு மட்டும் எதுவும் தடைப்படவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை என் பொண்ணைப் பாக்க வர்றாங்க, தாதா. பாதி மூஞ்சியோட எப்படி நமஷ்கார் சொல்றது?” என்றார் பிமல் தா, இருபது வருடம் எங்களோடு இருந்து கற்ற தமிழில்.

“சாமி, ஒரே ஒரு அடி போட்டுடுங்க. தோசையைத் திருப்பணும்” என்றான் உத்தமன்.

“காகு, நாலு நாளா நான் படியிலேருந்துதான் லாகின் பண்றேன்” என்றாள் சங்கவி. இந்த ஊரில் அண்ணன் தாதா, மாமா காகு.

சௌந்தரராஜன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடிதம் அதில்தான் இருந்தது. யாருக்கும் காட்டவில்லை. “உடனடியாகன்னு போட்டிருக்கு. எழுத்துல வந்த உத்தரவு எழுத்துலதான் வாபஸ் ஆகணும். அதுவும் முறைப்படி தபால்ல” என்றார்.

“கல்யாணம் ஆனதுலேருந்து நான் சொல்லி எதையும் நிறுத்தினதில்லை. ஊர் பேர் தெரியாத கடுதாசி சொன்னா மட்டும் உடனே கேப்பார்” என்றாள் வசுமதி.

எழுதியது யார் என்று பிமல் தா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள்.

வாபஸ் கடிதம் எழுதும் வேலை வழக்கம்போல என்னிடம் வந்தது. இடம், தேதி, அனுப்புநர், பெறுநர். பொருள்: சத்தம் மீண்டும் போடுவது தொடர்பாக.

சௌந்தரராஜன் வலது கையை ஊன்றி எழுந்தார். என் அருகில் வந்து குனிந்தார்.

“இதையும் நீங்கதான் எழுதறேளா, பெத்துராஜ்?”

“ஆமா சார்.”

மேலே போனார். வசுமதி பின்னால் போனாள்.

போன திங்கட்கிழமை மாலை அவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். இடது கையை என் மேஜைக்கு மேலே உயர்த்தி, தோம் போடுவதுபோல இறக்கிக் காட்டினார். அது இறங்கி வந்து மேஜையைத் தொடுவதற்குள் நான் பேனாவின் மூடியைத் திறந்து, ஒருமுறை உதறி, காகிதத்தையும் நேராக வைத்துவிட்டேன்.

“நாளைக்கு விழாது போலிருக்கு. நானா நிறுத்தினதா வேண்டாம். நீங்க எல்லாரும் நிறுத்தச் சொன்னதா இருக்கட்டும்” என்றார்.

இப்போது மற்றவர்கள் சொன்னதை எல்லாம் வரிசையாக எழுதினேன். உத்தரவு வாபஸ். வருத்தம். நாளது தேதி முதல் தொடரவும்.

கடைசிப் பத்தியை யாரும் சொல்லவில்லை. நானே சேர்த்தேன்.

‘மேலும், லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி விளக்கு ஆகியவற்றைப் போலவே, கடைசித் தோமும் இனி குடியிருப்போர் பொறுப்பு. அவரவர் வீட்டில், கைக்கு எட்டிய மேஜையிலோ சுவரிலோ, எல்லோரும் சேர்ந்து அதைப் போட்டுக்கொள்வோம். தாங்கள் அதுவரை வாசித்தால் போதுமானது.’

உரக்கப் படித்துக் காட்டினேன். பிமல் தாவுக்கு மட்டும் இரண்டு முறை.

உத்தமன் தோசைத் திருப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையெழுத்திட்டான். சங்கவிக்குக் காகிதத்தைப் படிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் லேப்டாப் மேல் வைத்துக் கையெழுத்திட்டாள்.

பிமல் தா பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தக் கடைசிப் பத்தியையே பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது.

“எந்தக் கை?” என்றார்.

“இடது.”

தலையாட்டிவிட்டு வங்காள எழுத்தில் கையெழுத்திட்டார்.

உறையில் போட்டு ஒட்டி, நடந்தே தபால் நிலையம் போய், மூன்றாவது மாடிக்கு ஸ்பீட் போஸ்ட் செய்தேன்.