கோயிலைச் சுற்றிய சைக்கிள்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சாமிகளா. நடக்க முடியாத மனுசர் ஒருவர் வீட்டை விட்டு ஓடிப்போன கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

"மதுமதி, உங்க மாமனைக் காணோம் கண்ணு."

மாமியார் சௌந்திரம் வாசலில் நின்று சொன்னதை மருமகள் நம்பவில்லை. மாமனார் தண்டாயுதபாணிக்கு ஆறு வருசமாகப் பார்க்கின்சன் நோய். தரையில் பட்டை பட்டையாகச் சிவப்பு டேப் ஒட்டி, சௌந்திரம் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால்தான் கால் எழும்பும். குரலும் இறங்கிப்போய், வாயருகே காதை வைத்தால்தான் பேச்சு விளங்கும்.

"அவரு எங்கீங்க அத்தை போவாரு? பாத்ரூம்ல பாருங்க."

"பாத்துட்டேன். நித்யா சைக்கிளையும் காணோம்."

ஊருக்குப் போயிருக்கும் பேத்தி நித்யஸ்ரீயின் பள்ளிக்கூடச் சைக்கிள் அது. குறுக்குக் கம்பி இல்லாதது. வாசற்படியில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

அப்போது மதுமதியின் போன் அடித்தது. மாரியம்மன் கோயில் வாசலில் பூ விற்கும் ராமாத்தாள்.

"ஏனம்மிணி, உன்ற மாமனாருக்குச் சீக்கு போயிருச்சா? சைக்கிள்ல கோயிலைச் சுத்திக்கிட்டு இருக்காரு. இது ஒம்பதாவது சுத்து."

சௌந்திரத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மதுமதி சேலத்து டாக்டரைக் கூப்பிட்டாள். "நடை வராத சிலருக்குச் சைக்கிள் மிதிக்க வரும்மா. அதுக்காக நோய் போயிருச்சுன்னு நினைச்சுராதீங்க. மாத்திரை நேரம் தவறக்கூடாது," என்றார் அவர்.

மணி பத்தே முக்கால். பதினோரு மணி மாத்திரை பிந்தினால் மனுசர் கட்டையாக இறுகிவிடுவார். சைக்கிள் மேலேயே இறுகினால்? சௌந்திரம் மாத்திரை டப்பாவோடு மதுமதியின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டாள்.

கோயிலைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. பெரியசாமி தன் டீக்கடை பெஞ்சைத் தூக்கி ஓரம் போட்டு வழிவிட்டிருந்தான். வளைவில் தண்டாயுதபாணி வந்தார். நிமிர்ந்த முதுகு, படபடக்கிற வேட்டி. முகத்தில் அசைவே இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"பதினாலு," என்று எண்ணி, ராமாத்தாள் ஒரு கை அரளிப்பூவை அவர்மேல் வீசினாள். வழுக்கையில் ஒன்று ஒட்டிக்கொண்டது. "மூஞ்சியில ஒரு சலனம் உண்டா பாருங்க. வாய் மட்டும் மந்திரம் சொல்லுது."

"ஏனுங்க, நில்லுங்க. மாத்திரை."

சௌந்திரம் ஓடினாள். பெரியசாமி குறுக்கே வந்தான்.

"வேண்டுதல் நடக்கையில மறிக்கப்படாதுங்கக்கா. நூத்தியெட்டுச் சுத்து."

"நூத்தியெட்டுன்னு ஆரு சொன்னது?"

"அவருகிட்டயே கேட்டனுங்க. ஒண்ணும் சொல்லலை. சொல்லலைன்னா நூத்தியெட்டுதானுங்களே."

"மாத்திரை போடலைன்னா பதினாறாவது சுத்துக்குச் சாக்கடையில கெடப்பாரு. உடு என்னைய."

"இனி மாத்திரை என்னத்துக்குங்கக்கா? அதான் ஆத்தா குணமாக்கிட்டாளே."

"ஆத்தாளுக்கு நான் அப்பறமா வந்து பொங்க வெக்கறேன். இப்ப நவுரு."

பதினைந்தாவது சுற்றில் வண்டி கொஞ்சம் ஆடியது. கூட்டம் குலவை போட்டது. சௌந்திரம் பெரியசாமியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்தாள். மதுமதி பின்னால் கேரியரை இழுத்து நிறுத்தினாள். தண்டாயுதபாணி அப்படியே பெண்டாட்டி தோளில் சாய்ந்தார்.

"போச்சு. பாதியில நிறுத்திட்டாங்க," என்று கூட்டம் உச்சுக் கொட்டியது.

சௌந்திரம் யாரையும் பார்க்கவில்லை. மாத்திரையை வாயில் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அவர் உதடு மறுபடி அசைந்தது.

ராமாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னும் எத்தனை பாக்கின்னு கேளு சௌந்திரம். மீதிய ஊரே சேந்து சுத்திப்போடறோம். சாமி குத்தம் ஆகப்படாது."

ஆமாம் ஆமாம் என்றார்கள். இரண்டு பேர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்கள்.

சௌந்திரம் அவர் வாயருகே காதை வைத்தாள். கேட்டாள். மாத்திரை டப்பா குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"எறங்க வரலையாமா. மொதச் சுத்துலயிருந்து, 'ஆராச்சும் புடிங்கப்பா'ன்னுதான் சொல்லிக்கிட்டிருக்காராமா."

கேட்ட மகராசர்களே, உங்கள் வீட்டில் உதடு அசைகிற ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு காது இருக்கட்டும்; உங்கள் குடும்பம் தழைத்துக் கிடக்கட்டும்.