அங்க அடையாளம்

“ஒரு ஆள் குறையுது மேடம். இருபத்தேழு டி சீட்.”

“பச்சைச் சட்டை சார். மேல் பட்டன் மட்டும் வெள்ளை. பேசும்போது மூக்கைத் தொடுவாரு.”

“இங்க பச்சைச் சட்டையே நாலு பேர் இருக்காங்க. மூக்கை வச்சு நான் எப்படிக் கண்டுபிடிக்க?”

“பேச்சுக் குடுங்க. தொடுவாரு.”

கொஞ்ச நேரம் வாக்கி டாக்கியில் இரைச்சல் மட்டும்.

“தொட்டாரு மேடம்.”

பதினேழு வருடம் ஆகிவிட்டது. அவர்கள் முதன்முதலில் பேசிக்கொண்டது அதுதான்.

விமான நிலையத்தில் அவள் கீழே. பயணிகளின் பெட்டியை எடை போட்டு, போர்டிங் பாஸ் கொடுப்பாள்.

அவர் மேலே. விமானத்துக்கு அனுப்பும் வாசலில் நின்று, அந்தச் சீட்டைப் பாதி கிழித்து வாங்கிக்கொள்வார்.

கீழே கொடுத்ததும் மேலே கிழித்ததும் ஒத்துப்போனால்தான் விமானம் கிளம்பும். பெரும்பாலும் ஒன்று குறையும்.

ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லி அழைத்தால் போதாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்திருக்கும். ‘மிஸ்டர் கருப்பையா’ என்று ஒலிபெருக்கி மூன்று முறை கூப்பிடும். முதல்முறையாக துபாய் போகிற கருப்பையாவின் மகன், யாரையோ தேடுகிறார்கள் போல என்று காபி குடித்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் மேலேயிருந்து அழைப்பு வரும். அவள் ஆளைச் சொல்வாள்.

குளித்த ஈரம் தலையில் இன்னும் காயாதவர்.

கல்யாண மருதாணி அழியாத கை.

சட்டைப் பையை நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்ப்பவர்.

அழுது முடித்த முகம், ஆனால் கேட்டால் சிரிக்கும்.

ஒருமுறைகூட அவர் வேறு ஆளைப் பிடித்ததில்லை.

அதே அலைவரிசையில் பெட்டி ஏற்றுகிற லோடர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். “வசுமதி மேடம், கதையை முழுசாச் சொல்லுங்க, பெட்டியை அப்புறம் ஏத்திக்கலாம்” என்று குறுக்கே ஒரு குரல் வரும்.

ஏழு வருடத்துக்கு முன்னால், கூட வேலை செய்த ஒருத்தியின் கல்யாணம்.

அன்று அவள் சீருடையில் இல்லை. மாம்பழ நிறப் பட்டு. தலை நிறையப் பூ.

மண்டப வாசலில் அவர் அவளை இரண்டு முறை கடந்து போனார்.

“தவமணி சார்” என்று அவள் கூப்பிட்ட பிறகுதான் நின்றார்.

“குரல் கேட்டுத்தான் தெரிஞ்சுது மேடம்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவரிடம் கேட்பதற்கு அவளிடம் ஒன்று இருந்தது.

கேட்கவில்லை. அவர் மனைவியை இழந்தவர். அவள் கல்யாணம் செய்துகொள்ளாதவள். நேரில் கேட்டால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

அவள் மனசிலும் அதே அர்த்தம்தான் என்பதுதான் சிக்கல்.

இப்போது நுழைவாயிலிலேயே கேமரா முகத்தை வாங்கிக்கொள்கிறது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மூன்று எந்திரங்கள். பயணிகளே தொட்டு, சீட்டை எடுத்துக்கொள்கிறார்கள். தடுமாறுகிறவர்களுக்கு உதவ அவள் பக்கத்தில் நிற்கிறாள். மேலே யாராவது குறைந்தால், அவர் கையிலுள்ள திரையில் அந்த முகம் தானே வந்துவிடுகிறது.

நான்கு மாதமாக அவர் அழைக்கவில்லை.

இன்று ஐந்து மணிக்குள் வாக்கி டாக்கிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாளை முதல் அவளுக்குச் சரக்குப் பிரிவில் வேலை. வேறு கட்டடம், வேறு வாசல். அவரிடம் பேச இனி ஒரு காரணமும் இருக்காது.

நாலே கால் மணி. கருவியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அது கரகரத்தது.

“மேடம். ஒரு ஆள் குறையுது. பன்னெண்டு ஏ. ஜெயசீலின்னு பேரு.”

“உங்க கையில படம் வந்திருக்குமே சார்.”

“வந்திருக்கு.”

இரைச்சல்.

“இருந்தாலும் நீங்க சொல்லுங்க.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மதியம் இரண்டாவது எந்திரத்தில் திணறி நின்ற அம்மா.

“புதுச் செருப்பு சார். நல்லாக் கடிக்குது அவங்களுக்கு. எங்கயாச்சும் ஓரமாக் கழட்டிப் போட்டு உட்கார்ந்திருப்பாங்க. முகத்தைப் பாக்காதீங்க, காலைப் பாருங்க.”

மூன்று நிமிடம்.

“செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு ஓடி வர்றாங்க மேடம்.”

“ஏண்ணே, படத்தைக் கையில வச்சுக்கிட்டுமா தெரியல?” என்றது ஒரு லோடரின் குரல்.



“கதவு மூடியாச்சு. எல்லாரும் ஏறிட்டாங்க” என்றார் அவர்.

ஆனால் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒருவர் அழுத்தியிருக்கும்வரை மற்றவர் பேச முடியாது. மேலே யாரோ நாற்காலி நகர்த்துவது அவளுக்குக் கேட்டது. அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. வேறு எதுவும் வரவில்லை.

பிறகு விட்டுவிட்டார்.

டியூட்டி ஆபீசர் அட்டைப்பெட்டியோடு அவள் முன்னால் வந்து நின்றார். பெட்டிக்குள் ஏற்கெனவே ஐந்தாறு கருவிகள் கிடந்தன. கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.

லோடர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பயணிகளை விமானத்துக்குக் கொண்டுபோகும் பேருந்து ஓட்டுபவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எதிரே ஆபீசர் வேறு.

கேட்கட்டும்.

அழுத்தினாள்.

“சார், இத்தனை வருஷமா நான்தான் ஆளைச் சொல்லியிருக்கேன். இன்னிக்கு ஒரு தடவை நீங்க சொல்லுங்க.”

விரல் வலித்தது. எடுக்கவில்லை.

“நான் எப்படி இருப்பேன்?”