மிஷினுக்கு எட்டாத நெஞ்சு

டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு, லேப் டெக்னீஷியன் இம்மானுவேல் ராக்கம்மாளின் கட்டிலருகே வந்து தயங்கித்தான் சொன்னார். திணறுகிற இதயம் ரத்தத்தில் ஒரு ஹார்மோனை விடும். பழுதான சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாது. அதனால் இந்த வார்டில் எல்லோருக்கும் அது கூடுதல்தான். "ஆனா உங்களுக்கு மிஷினோட உச்ச அளவையே தாண்டிருச்சும்மா." ராக்கம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கேட்டீங்களா பாய், என் நெஞ்சை அளக்க மிஷினுக்கு எட்டலையாம்!" பக்கத்துக் கட்டில் தாவூது பாய், ஊசி குத்தாத கையைத் தூக்கி அவளுக்கு ஒரு சலாம் வைத்தார். இம்மானுவேல் சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ரத்தம் குடுங்கம்மா. தண்ணி மாதிரி ஒண்ணைக் கலந்து நீர்க்க வச்சு மறுபடி அளக்கணும், அப்பதான் மிஷினுக்கு எட்டும். டாக்டர் அவசரம்னுட்டார்." நீட்டியிருந்த கையை ராக்கம்மாள் வெடுக்கென்று மடக்கிக்கொண்டாள். மாடு வைத்துப் பால் ஊற்றியே மூன்று பெண்களைக் கரையேற்றியவள் அவள். "கலக்கறதா? நான் ஊத்துன பால்லயே ஒரு சொட்டுத் தண்ணி கலந்ததில்ல தம்பி, என் ரத்தத்துலயா கலப்பே?" மூச்சு வாங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது அடங்கும்வரை இம்மானுவேலைக் காத்திருக்க வைத்தாள். பிறகு சொன்னாள்: "போய்ப் பெரிய மிஷினாக் கொண்டு வா."