கூடத்தில் இரண்டு ஜோடி

உப்பளத்து வீட்டின் கூடத்தில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. கறுப்பாய் மினுங்கும் புதிய ஜோடி செந்தமிழ்ச்செல்வியின் ஆசை. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். பழைய ஜோடியான மூலை தேய்ந்த மரப்பெட்டிகள், பிரான்சுக்குப் போய்விட்ட ஏதோ ஒரு முசியே துரையின் வீட்டுச் சாமான்களுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவள் கணவன் இளம்பரிதி பிடித்து வந்தவை. இடம் ஒரு ஜோடிக்குத்தான். "இந்தக் கோழிக்கூண்டுல என்னா பாட்டு வரப்போவுது?" என்று சொல்லிவிட்டு, இன்றைக்குத் தெருவில் வரப்போகும் சாமிக்குச் சமையற்கட்டில் தட்டு எடுத்துவைக்கிறாள். திடீரென்று மேளம். தவிலின் அடி தரை வழியே உள்ளங்காலில் ஏறுகிறது. நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. "ஐயோ, சாமி வந்துடுச்சு!" கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள். எதிர்வீட்டு அமிர்தவல்லியும் தட்டும் கையுமாக நிற்கிறாள். தெருவில் வெயிலும் ஒரு நாயும்தான். மேளம் முதுகுக்குப் பின்னால் முழங்குகிறது. திரும்பினால், மரப்பெட்டிகளுக்கு நடுவே இளம்பரிதி சிரிப்பை அடக்கமுடியாமல் நிற்கிறான். "சிரிக்காதீங்க. ஏத்தின கற்பூரத்த வீணாக்க முடியுமா?" முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உள்ளே வந்தவள், மரப்பெட்டிகளுக்கு மூன்று சுற்று தீபாராதனை காட்டுகிறாள். பின்னாலேயே ஓடிவந்த அமிர்தவல்லி, என்ன ஏதென்று கேட்காமல், பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.