கொக்குவில் கௌபோய்

"நாலு தலைமுறையாய் எங்கடை குடும்பத்திலை கலப்பு எண்டு ஒண்டு இருந்ததில்லை. நான் இருக்குமட்டும் இருக்க விடவும் மாட்டன்."

பஞ்சலிங்கம் பிட்டை வாயில் போட்டபடி சொன்னார். எதிரே மகள் கஜானி தட்டில் கை வைக்காமல் இருந்தாள்.

"அப்பா, றொபின் வீட்டுக்காரர் இண்டைக்கு ஒரு பதில் கேக்கினம். வாற ஞாயிறு கலியாணம் கதைக்க வரலாமோ எண்டு."

"சேர்ச்சுக்குப் போற உடுவில் வேதக்காரருக்கும் எங்களுக்கும் என்ன கதை? சைவம் சைவமாய் இருக்கவேணும், வேதம் வேதமாய் இருக்கவேணும். ரெண்டையும் சேர்த்தா ரெண்டும் கெட்டுப்போகும்."

"இஞ்சருங்கோ, பெடியனை ஒருக்காப் பாருங்கோவன்," என்றாள் மனைவி பாலேஸ்வரி.

"பார்க்கத் தேவையில்லை. கலப்பெண்டா கலப்புத்தான். நீர் சம்பலைப் போடும்."

மனைவி பேசத் தொடங்கினால் காதை மூடிக்கொள்ளும் வித்தை அவருக்குக் கல்யாணமான புதிதிலேயே கைவந்துவிட்டது. பாலேஸ்வரி சம்பலைப் போட்டாள். கஜானி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். பாலேஸ்வரி அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்பக்கக் குசினிக்குப் போனாள். பஞ்சலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்து அவசரமாகக் கை கழுவினார். ஞாயிறு காலையில் அவருக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது.

உள்ளூர் வானொலியில் அந்த நேரத்துக்கு 'கன்ட்ரியும் கச்சேரியும்' என்றொரு நிகழ்ச்சி. அமெரிக்க மாட்டுப்பண்ணைப் பாட்டு ஒன்றை எடுத்து, கிட்டாரோடு நாதஸ்வரத்தையும் தவிலையும் ஏற்றி விடுவார்கள். குதிரையில் புறப்பட்டவன் கோயில் வீதியில் வந்து இறங்கியதுபோல் இருக்கும். பஞ்சலிங்கம் வாரம் தவறாமல் தொலைபேசியில் வந்து பாராட்டுவார். கனடாவில் கல்கரியில் இருக்கும் தம்பி அனுப்பிய அகலத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் பேசுவார். வானொலியில் தொப்பி தெரியாது என்று அவருக்குச் சொல்ல வீட்டில் யாருக்கும் துணிவில்லை. நேயர்கள் அவருக்கு வைத்த பெயர் கொக்குவில் கௌபோய்.

தொப்பியும் தொலைபேசியுமாக முன் விறாந்தையில் வந்து நின்றார்.

"வணக்கம், கொக்குவில் அண்ணை," என்றான் அறிவிப்பாளன் ஜெயசுதன். "இண்டைக்கு உங்களுக்கு எதிராளி ஒராள் வந்திருக்கிறா. கோண்டாவிலிலை இருந்து இரத்தினம்மா. அவவுக்கு எங்கடை கலப்புப் பாட்டுப் பிடிக்கேல்லையாம். ரெண்டு பேரையும் ஒண்டாய்க் கதைக்க விடுறன்."

"கிட்டார் கிட்டாராய் இருக்கவேணும், நாதஸ்வரம் நாதஸ்வரமாய் இருக்கவேணும்," என்றது ஒரு பெண் குரல். "ரெண்டையும் சேர்த்தா ரெண்டும் கெட்டுப்போகும்."

அந்தக் குரலைக் கேட்டதுமே பஞ்சலிங்கத்துக்கு ஏனோ எரிச்சல் வந்தது.

"அம்மா, அந்தப் பாட்டை ஒருக்காலெண்டாலும் முழுசாய்க் கேட்டனீங்களோ?"

"கேக்கத் தேவையில்லை. கலப்பெண்டா கலப்புத்தான்."

"கேளாமலே கூடாதெண்டு சொல்லுறதுக்கு எங்கடை ஊரிலை என்ன பேர் தெரியுமோ? மடைத்தனம்."

ஜெயசுதன் சிரித்தான். பஞ்சலிங்கத்துக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"ரெண்டு நல்ல சாமான் தானாய் வந்து சேருது. சேரவிடாமல் மறிக்க நாங்கள் ஆர்? எந்தக் காலத்திலை இருக்கிறியள், அம்மா?"

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் நாலு நாளைக்குக் கதைக்கும். ஐஞ்சாம் நாள் தாளம் போடும்."

"உங்கடை வீட்டிலை எண்டாலும் உப்பிடித்தான் சொல்லுவியளோ?"

"வீட்டிலை ஒரு கதை, வெளியிலை ஒரு கதை எண்டது என்னட்டை இல்லை. முழு யாழ்ப்பாணமும் கேக்கட்டும், சொல்லுறன். கலப்பிலைதான் உயிர் இருக்கு."

கொழும்பு ரயில் கூவிக்கொண்டு போனது. தொலைபேசிக்குள்ளும் அதே ரயில் கூவியது.

"உங்களைக் கட்டின மனிசன் பாவம், அம்மா," என்று முடித்தார் பஞ்சலிங்கம்.

"ஓம், பாவம்தான்," என்றது குரல். "அவருக்கு அது இன்னும் தெரியாது."

பஞ்சலிங்கம் வெற்றியோடு இணைப்பைத் துண்டித்தார். தன்னைப் பற்றி இனி என்ன புகழப்போகிறார்கள் என்று கேட்க, உள்ளே வந்து ஹோலில் இருந்த வானொலியைக் கூட்டி வைத்தார்.

"அண்ணை வைச்சிட்டுப் போட்டார், இரத்தினம்மா. நீங்கள் இன்னும் லைனிலை இருக்கிறியள். இப்ப என்ன சொல்லுறியள்?" ஜெயசுதன் கேட்டுக்கொண்டிருந்தான்.

வென்ற கதையை யாருக்காவது உடனே சொல்லாவிட்டால் அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. தொப்பியோடு குசினிக்கு நடந்தார்.

"இஞ்சரும், ஒரு விசர் மனிசியை நான் மடக்கினதைக் கேட்டனீரோ..."

வாசலிலேயே நின்றுவிட்டார்.

அடுப்படியில் பாலேஸ்வரி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். காதிலிருந்து எடுக்கவில்லை.

"அண்ணை சொன்னதை முழுமனதோடை ஏற்றுக்கொள்ளுறன், தம்பி," என்றாள். "உடுவில் மாப்பிளை வீட்டுக்காரரை வாற ஞாயிறு வரச்சொல்லிப்போடுறன்."

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஒரு மூச்சுப் பிந்தி, ஹோலில் இருந்த வானொலியிலிருந்து, இரத்தினம்மாவின் குரலில், முழு யாழ்ப்பாணத்துக்கும் கேட்டது.